தோல் கழற்றிய நாற்காலி

இன்று காலை நாற்காலிகளுக்கு விளக்கெண்ணெய் போட்டேன். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை, தை பிறந்ததும் ஒரு தடவை. அந்த வழக்கத்தை நான் விடவில்லை. எண்ணெயை இளஞ்சூடாக்கி, பழைய வேட்டித் துணியில் நனைத்து, தோலின் மேல் வட்டம் வட்டமாகத் தேய்க்கும்போது ஒரு வாசனை எழும்பும். குதிரை லாயமும் நாட்டு மருந்துக் கடையும் சேர்ந்த மாதிரி என்று நீ சொல்வாய். மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, "முடிஞ்சதும் கூப்பிடு, நான் வாசல்ல நிக்கறேன்" என்று போய்விடுவாய். இன்று அந்த வாசனை வந்தவுடன் நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். எழுபது வயதில் அப்படிச் சட்டென்று திரும்பக் கூடாது. கழுத்துப் பிடித்துக்கொண்டது.

நீ போய் நாலு வருடம் ஆகிறது. உன்னிடம் நான் ஒரு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லவில்லை. யாரிடமும் விளக்கம் சொல்லாமலே வளர்ந்தவள் நான். அதைக் கௌரவம் என்றும் நினைத்திருந்தேன். இதை எழுதி எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மதுரைக் கான்வென்ட்டில் நாம் ஒரே பெஞ்சு. நீ கணக்கில் முதல், நான் ஆங்கிலத்திலும் தையலிலும் முதல். பிறகு நீ ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராகி, கல்யாணம் வேண்டாம் என்று உன் அம்மாவோடு இருந்துவிட்டாய். நான் மில்லில் வேலை பார்த்தவரைக் கட்டிக்கொண்டு ராஜபாளையத்துக்கு வந்தேன். சனிக்கிழமை பத்து மணிக்கு வருவாய். நாலு மணி பஸ்ஸைப் பிடிப்பாய். உங்கள் ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் பால்கோவா வாங்கி வருவார்கள். நீ ஒரு நாளும் வாங்கி வந்ததில்லை. பரீட்சைத் தாள் கட்டைத்தான் தூக்கி வருவாய். நீ திருத்தித் தள்ளத் தள்ள, அவர் மதிப்பெண்ணைக் கூட்டிப் போடுவார்.

"சார், இது மூணாவது தப்பு. என் பிள்ளைகளே தேவலை."

"மில்லுல இதையெல்லாம் கழிவுப் பஞ்சோட சேத்து எழுதிருவோம், டீச்சர்."

நான் கேக்குத் தட்டோடு வந்து, தாளில் எண்ணெய்க் கை படக் கூடாது என்று உங்கள் இருவரையும் அதட்டுவேன்.

அந்த இரண்டு நாற்காலிகளும் எண்பத்திரண்டில் வந்தன. மில்லில் ஈரப்பதம் காக்கும் இயந்திரம் பூட்டுவதற்கு டென்மார்க்கிலிருந்து வந்த இன்ஜினியர் இரண்டு வருடம் மில் பங்களாவில் தங்கியிருந்தார். தன் முதுகுக்கு வேறு நாற்காலி ஒத்துவராது என்று, தன் அப்பா காலத்து நாற்காலிகளைக் கப்பலில் தூத்துக்குடிக்கு வரவழைத்தவர். திரும்பிப் போகும்போது அவற்றை என் வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஓக் மரச் சட்டம். ஆணி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. கைகள் இரண்டும் ஒரு காபி டம்ளரும் ஒரு புத்தகமும் வைக்கிற அளவுக்கு அகலம். உட்காரும் இடமும் முதுகும் கனத்த தோல், ஊஞ்சல் மாதிரி தொங்கும். தோல் தொய்ந்தால் இழுத்துக் கட்டுவதற்கு அடியில் வாரும் பக்கிளும், ஒவ்வொரு வாரிலும் நாலு ஓட்டையும் இருக்கும். ஒருவர் தொடர்ந்து உட்கார்ந்தால் அவர் உடம்பின் அளவு தோலில் படிந்துவிடும். என் வீட்டுக்காரருடைய நாற்காலி மூன்றாம் ஓட்டையில் நின்றது. என்னுடையது இரண்டாம் ஓட்டையில்.

அவை வந்த வாரம் நீ வந்தாய். "அடி, சிம்மாசனம்னா இது!" என்று சொல்லிக்கொண்டே உட்காரக் குனிந்தாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"ரெக்சின்னு நெனைச்சிராத. அசல் மாட்டுத் தோலு. குதிரைச் சேணத்துக்குப் போடுறதாம்."

நீ பாதியில் நிமிர்ந்துவிட்டாய்.

"ஏண்டி சொன்னே? சொல்லாம இருந்திருந்தா உக்காந்திருப்பேனே."

"பொறவு நீ கேட்டா, பொய் சொல்லச் சொல்லுதியா?"

"நான் கேக்கவே இல்லையே! கான்வென்ட்ல மதர் சொன்னதைப் பூரா நீ ஒருத்திதான் காதுல வாங்கினே."

எல்லாரும் சிரித்தோம். வீட்டு வேலைக்குச் சேத்தூரிலிருந்து வந்துகொண்டிருந்த மாடத்தி அடுப்படியிலிருந்து ஒரு மர முக்காலியைக் கொண்டு வந்து போட்டாள். நீ அதில் உட்கார்ந்தாய். அதன் பிறகு எட்டு ஒன்பது வருடம் அதுதான் உன் இடம்.

என் வீட்டில் காபி குடித்தாய். என் கையால் சோறு சாப்பிட்டாய். நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பது ஒரு பொருட்டாகவே இல்லை உனக்கு. "காபி வயித்துக்குள்ள போயிடறது. அம்மா கேக்க மாட்டா, நானும் சொல்ல மாட்டேன். ஆனா மாட்டுத் தோல்ல உக்காந்த புடவையோட அவளுக்கு எப்படித் தளிகை பண்றது? அந்த ஒண்ணு மட்டும் அப்பா சாகறப்போ கேட்டுண்டார். ஆத்து ஆசாரத்தை அடுக்களைல விட்டுடாதேன்னு. நான் அவருக்குக் கொடுத்த ஒரே வாக்கு அதுதான்" என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. மரத்தைத் தொடுவாய்; தோலைத் தொடமாட்டாய். முக்காலியிலிருந்து எழும்போது, முழங்கால் வலியால், பக்கத்திலிருந்த அவர் நாற்காலியின் இடது கையில் உள்ளங்கையை அழுத்தித்தான் எழுவாய். நாளாக நாளாக அந்த இடம் கறுத்தது. "ஏட்டி, எங்க ஓக்கு மரத்துல கறை படியுது, செவுத்தைப் பிடிச்சு எந்திரி" என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஒரு தடவை உன் கண்ணெதிரே ஈரத் துணி போட்டுத் துடைத்தேன். நீ குனிந்து தாள்களை அடுக்கினாய். அவர்தான் என்னைப் பார்த்தார்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உனக்குத் தெரியாது இது. எண்பத்தைந்திலோ ஆறிலோ, நீ போன பிறகு, அவர் சொன்னார்: "டீச்சருக்கு முட்டி ரொம்ப வலிக்கு. அவியளுக்குன்னு ஒரு நாடா நாற்காலி செஞ்சு போட்டா என்ன?" கட்டிலுக்குப் பின்னுகிற பருத்தி நாடாதான். நாற்காலிச் சட்டமும் கடைத்தெருவில் கிடைக்கும். நான் மறுத்துவிட்டேன். அந்த இரண்டு நாற்காலிகளும் நடுவில் சின்ன மேசையும் இருக்கிற கூடத்தில் ஒரு நாடா நாற்காலி வந்தால் பார்க்கச் சகிக்காது என்றேன். அவர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

தொண்ணூற்றொன்றில், தை மாதக் கடைசியில், அவர் போனார். கல்லறையிலிருந்து திரும்பிய மறுநாள் வீடு நிறைய ஆட்கள். என் நாத்தனார்கள், மில் வீட்டுப் பெண்கள், சர்ச்சிலிருந்து வந்தவர்கள். எல்லாருக்கும் பாயும் பெஞ்சும் போட்டிருந்தது. நான் என் நாற்காலியில் இருந்தேன். எதிரே அவர் நாற்காலி. யாரும் அதன் பக்கம் போகவில்லை. வருகிறவர்கள் முதலில் என்னைப் பார்ப்பார்கள், பிறகு அதைப் பார்ப்பார்கள், பிறகு அழுவார்கள். நான் அழவில்லை. தோலில் அவர் உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருந்தது. கண்ணை எங்கே திருப்பினாலும் திரும்ப அங்கேதான் வந்து நின்றது.

நீ பத்து மணி பஸ்ஸில் வந்தாய். செருப்பைக் கழற்றினாய். நேரே வந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்தாய்.

எனக்குத் தலைக்குள் என்ன ஆயிற்று என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பள்ளத்தில் வேறு ஒருவர். அது மட்டும்தான் தெரிந்தது.

"எந்திரி. அது அவிய உக்கார்ற நாற்காலி."

கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள். என் குரல் சின்னக் குரல் இல்லை. நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு இடது கையை அந்த ஓக் மரத்தில் அழுத்தி, வலியோடு எழுந்தாய். உன் முக்காலியில் பூக்கூடை இருந்தது. நீ சுவர் ஓரமாக நின்றாய். மூன்று மணி வரை நின்றாய். "வரேன்" என்றாய். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

சாயங்காலம் மாடத்தி கூடத்தைப் பெருக்கிக்கொண்டே பேசினாள்.

"ஏம்மா, அந்த டீச்சரம்மா மாட்டுத் தோலுல உக்காரவே மாட்டாவளே. இன்னைக்கு உக்காந்துட்டாவ, பாத்தியளா?"

"வேலையைப் பாரு."

"வெறும் நாற்காலியை நீங்க செத்த நேரமாவது பாக்காம இருக்கட்டும்னு நெனைச்சிருப்பாவ. நானே அதைப் பாக்க மாட்டாம அடுப்படிலயே இருந்துட்டேன்."

"வேலையைப் பாருன்னு சொன்னேன்."

அவள் துடைப்பத்தை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எட்டு ஒன்பது வருடம் நீ தொடாத தோல். எனக்காக உட்கார்ந்தாய். நான் எழுப்பிவிட்டேன். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்ணுக்குப் புரிந்தது எனக்குப் புரியவில்லை.

நீ வருவதை நிறுத்தவில்லை. அது உன் குணம். சனிக்கிழமை பத்து மணிக்கு வந்தாய், முக்காலியில் உட்கார்ந்தாய், பேப்பரைப் படித்துக் காட்டினாய். எழும்போது மட்டும் அந்த ஓக் மரக் கையைத் தொடவில்லை. சுவரைப் பிடித்து எழுந்தாய். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு சொல் தொண்டை வரை வரும். மன்னித்துக்கொள் என்று யாரிடமும் நான் சொன்னதில்லை, அவரிடம்கூட. சொல்லிப் பார்த்தேன், தனியாக, கண்ணாடி முன்னால். பள்ளிக்கூட நாடகத்தில் வசனம் பேசுகிற மாதிரி இருந்தது. எனக்கு வராத காரியம் என்று விட்டுவிட்டேன்.

சொல்ல முடியாததைச் செய்து காட்டலாம் என்று நினைத்தேன். தப்பு அங்கேதான்.

சோழபுரத்திலிருந்து கட்டிலுக்கு நாடா பின்னுகிற ஆளை வரச்சொன்னேன். நடுத்தர வயது, நறுவிசான வேலை. வந்தவர் நாற்காலியைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார்.

"அம்மா, இந்தத் தோலு நம்ம ரெண்டு பேரு காலத்துக்கும் வரும். இதையா கழட்டச் சொல்லுதீய?"

"கழட்டுங்க."

"சாரு உக்காந்ததுல்லா..."

"எனக்குத் தெரியும் யார் உக்காந்ததுன்னு. கழட்டி, அந்தச் சட்டத்துல நாடா பின்னுங்க. வெள்ளை நாடா. நெருக்கமா இருக்கணும்."

அவர் மூன்றாம் ஓட்டையிலிருந்த பக்கிள்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். தோல் தரையில் கிடந்தபோது அந்தப் பள்ளம் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு மெல்லத் தட்டையாகிவிட்டது. நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். வேப்பிலை போட்டு, வேட்டியில் சுற்றி, பெட்டியில் வைத்தேன். என் வீட்டுக்காரரின் உடம்பு இந்த வீட்டில் கடைசியாக இருந்த இடம் அதுதான். அதைக் கொடுத்துத்தான் உனக்கு ஓர் இருக்கை செய்தேன். ஒரு காலத்தில் கூடத்துக்குப் பொருந்தாது என்று நான் தள்ளிய அதே நாடா. பின்னி முடித்ததும் கூடத்தில் போட்டுப் பார்த்தேன். டென்மார்க்கு ஓக் சட்டத்தில் ராஜபாளையம் கட்டில் நாடா. அசிங்கமாகத்தான் இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சனிக்கிழமை நீ வந்தாய். முக்காலியை நான் முதல் நாளே அடுப்படிக்கு அனுப்பிவிட்டேன். நீ கூடத்து நடுவில் நின்றாய்.

"உக்காரு" என்றேன்.

நீ உட்காரவில்லை. நாற்காலியைச் சுற்றி வந்து பார்த்தாய்.

"தோல் எங்கே?"

"கழட்டியாச்சு."

"அவர் போனதுக்கு அப்புறம் அதுல யாரு உக்காந்தா?"

"உன்னைத் தவிர யாரும் உக்காரலை."

உன் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். ஏன் என்று அந்த நொடி எனக்குப் புரியவில்லை. ஆசாரக்காரி, கூச்சப்படுகிறாய் என்று நினைத்தேன்.

"எங்காத்துல தீட்டுப் பட்டதைத்தான் இப்படிக் கழட்டித் தூரப் போடுவோம்" என்றாய், மிக மெதுவாக. "உங்காத்துலயும் உண்டுன்னு எனக்குத் தெரியாது. நான் உக்காந்த எடத்தை அறுத்து எடுத்துட்டியே."

அப்போது நான் பேசியிருக்க வேண்டும். ஒரே வாக்கியம்தான். உனக்காகத்தான் செய்தேன், நீ உட்கார வேண்டும் என்றுதான் செய்தேன். நாலாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். ஆனால் எனக்குக் கோபம் வந்தது. நான் எதைக் கொடுத்திருக்கிறேன் என்று இவளுக்குத் தெரியவில்லையா, கணக்கு டீச்சருக்கு இது கூடவா தெரியாது, என் வாயால் வேறு சொல்ல வேண்டுமா என்ற கோபம். வாயை இறுக மூடிக்கொண்டேன். நீ ஒரு நிமிடம் காத்திருந்தாய். நிச்சயம் காத்திருந்தாய், கைப்பையைத் தோளில் மாட்டுவதற்கு யாருக்கும் அவ்வளவு நேரம் ஆகாது. பிறகு போனாய். மாடத்தி காபியோடு வந்து, "டீச்சரம்மா எங்க?" என்றாள். நான் அந்தக் காபியைத் திரும்ப உள்ளே எடுத்துப் போகச் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை நீ வரவில்லை. அதற்கடுத்ததும். உங்கள் ஊருக்கு எத்தனையோ பஸ். நான் ஒன்றில்கூட ஏறவில்லை. வரட்டும், அவளே வரட்டும் என்று மூன்று வருடம் இருந்தேன். மூன்று வருடம் என்று எழுதும்போது கை கூசுகிறது.

நீ போனது உன்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். காரியமெல்லாம் முடிந்திருந்தது. மறுநாள் வந்தேன். உன் தெருவுக்கு அதற்கு முன் நான் வந்ததே இல்லை. நீ அழைத்ததில்லை, நானும் கேட்டதில்லை. உன் அம்மா நடையில் உட்கார்ந்திருந்தார். தொண்ணூறை நெருங்குகிற உடம்பு, கண் மட்டும் தெளிவு.

"நீதானா ராஜபாளையத்துக்காரி? உக்காரு."

நான் தரையில் உட்கார்ந்தேன்.

"உன் ஆம்படையான் போன மறுநாள் அங்கேர்ந்து வந்தா. நேரே கிணத்தடிக்குப் போய்த் தலைக்குக் குளிச்சா. என்னடின்னேன். அம்மா, இன்னிக்கு மாட்டுத் தோல்ல உக்காந்துட்டேன், அப்பாக்குக் கொடுத்த வாக்கு போயிடுத்துன்னா. ஏண்டின்னேன். ஒரு நாற்காலி காலியா இருந்தது, அவளால அதைப் பாக்க முடியலைன்னா. அவ்வளவுதான் சொன்னா. நீ எழுப்பி விட்டதைச் சொல்லலை. அதை வேற யாரோ வந்து சொன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க அவகிட்ட?"

"நான் என்ன சொல்றது? அடுப்பு மூட்டுன்னேன்."

அப்போது நான் சொன்னேன். நாடா போட்டதை, யாருக்காகப் போட்டேன் என்பதை, எல்லாவற்றையும். என் வாழ்நாளில் ஒருவரிடம் உட்கார்ந்து விளக்கம் சொன்னது அதுதான் முதல் தடவை. உன்னிடம் சொல்ல வேண்டியதை உன் அம்மாவிடம் சொன்னேன். அவர் கடைசி வரை கேட்டார்.

"இதை அவகிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார். "அவ புரிஞ்சுக்க மாட்டாளா?"

கோபமே இல்லை அவர் குரலில். இருந்திருந்தால் நான் அதைத் தாங்கியிருப்பேன். எழுந்து வரும்போது உங்கள் வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பி வந்த வாரம் சோழபுரத்துக்காரரைக் கூப்பிட்டுத் தோலைத் திரும்பப் பூட்டச் சொன்னேன். சுருங்கியிருந்த தோலை இழுத்து மூன்றாம் ஓட்டையில் மாட்டினார். பள்ளம் திரும்ப வரவில்லை. அவருடையதும் இல்லை, ஒரு நிமிடம் உட்கார்ந்த உன்னுடையதும் இல்லை. கடையில் வாங்கிய புது நாற்காலி மாதிரி விறைப்பாக இருக்கிறது. அந்த நாடாவை நான் எறியவில்லை. துவைத்து, சுருட்டி, பெட்டியில் தோல் இருந்த இடத்தில் வைத்திருக்கிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து மகன் வந்தால் சத்தம் போடுகிறான். "ரெண்டு நல்ல சேரை வச்சிக்கிட்டு எதுக்கும்மா இந்த முக்காலில உக்காந்திருக்கீங்க? அதுவும் இந்த இடுப்பை வச்சிக்கிட்டு?" சென்னையில் ஓர் ஆர்க்கிடெக்ட் இந்த மாதிரி நாற்காலிகளைத் தேடுகிறாராம். நான் இருக்கும் வரை அந்தப் பேச்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உன் முக்காலியில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குச் சில விஷயங்கள் தெரிந்தன. அங்கேயிருந்து பார்த்தால் நாற்காலியில் இருப்பவரின் முகம் தெரிய வேண்டுமானால் கழுத்தை நிமிர்த்த வேண்டும். முதுகுக்குச் சாய்மானம் கிடையாது. ஜன்னல் வெயில் பதினொரு மணிக்கு நேரே கண்ணில் அடிக்கிறது. அத்தனை வருடம் சனிக்கிழமைகளில் நீ அப்படித்தான் எங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாய், சிரித்தாய், தாள் திருத்தினாய். பக்கத்தில் ஆறடியில் நான் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். திரைச்சீலையை ஒரு சாண் இழுத்து விட்டிருக்கலாம்.

இன்று எண்ணெய் போட்டு முடித்து, ஓக் மரத்தையும் துடைத்தேன். இடது கையில் அந்தக் கறுத்த இடத்தை மட்டும் விட்டுவிட்டேன். ஈரத் துணி அங்கே போவதில்லை. நான் அன்று துடைத்தபோது போகாத கறை இனியும் போகாது, ஆனால் நான் அதை விட்டது அதற்காக இல்லை.

வேலை முடிந்ததும் முக்காலியில் உட்கார்ந்து உனக்கு இதை எழுத ஆரம்பித்தேன். இப்போது மாடத்தி சாப்பிடக் கூப்பிடுகிறாள். அவளுக்கும் வயதாகிவிட்டது, ஒரு தடவைக்கு மேல் கூப்பிட மாட்டாள். முழங்கால் நிமிரவில்லை. சுவர் தூரத்தில் இருக்கிறது. கையை ஊன்றித்தான் எழ வேண்டும். அந்தக் கறுத்த இடத்தில் என் உள்ளங்கை சரியாகப் பொருந்துகிறது.